லூர்து முதுகு

"பாய்ப்படகும் மோட்டார் படகும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போக வேண்டியது எது?" என்று படகு கேட்டது.

கேட்கப்பட்டவர் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பல் மருத்துவர். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். காதுக்குள் பதித்திருந்த 'சொல்லி' என்ற கருவி விடையை எடுத்துக் கொடுத்தது. "மோட்டார் படகு," என்றார். படகு திருப்தியடைந்து, தன்னைக் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டது.

2131ஆம் ஆண்டில் தூத்துக்குடி உல்லாசப் படகுத்துறையின் காலை நேரம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. படகை ஓட்டுவது படகேதான். அதற்குள் இருக்கும் சுக்கானறிவு காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தன் பாட்டுக்குப் போய் வரும். ஆனாலும் ஏறுகிறவர்களில் ஒருவராவது கடல்வழிப் புத்தகம் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. படித்தாரா என்று படகு மூன்று கேள்வி கேட்டுச் சோதிக்கும். காதுச்சொல்லிகள் அந்தப் படகின் நினைவிலிருந்தே விடையை உருவிக்கொடுக்கும். தன் விடையைத் தானே கேட்டுப் படகு மகிழும். ஆக, நூறு பேர் கடலுக்குப் போனால் நூறு பேரும் படித்தவர்கள். புத்தகத்தைத் திறந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

அந்த வரிசையில் டெல்பினா மச்சாதுவும் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது. காதில் சொல்லி வைத்துக்கொள்ளாதவள். மன்னார் வளைகுடாவில் பொழுதுபோக்காகப் படகு விடுகிறவர்களுக்கென்று பதினோரு பதிப்பு கண்ட கைநூலை எழுதியவள் அவள்தான். எந்தத் தீவின் எந்தப் பக்கம் நங்கூரம் பிடிக்கும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எந்த மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எந்த நிறத்துத் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை இருக்கும் என்பதையெல்லாம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தன் கையால் இறக்கி இறக்கி அளந்து எழுதியவள். சொந்தப் படகு பழுதுபார்க்கப் போயிருந்ததால் அன்று வாடகைப் படகுக்கு வந்திருந்தாள்.

அந்த வாடகைப் படகில் இருந்தது அவளுடைய புத்தகம் அல்ல. 'அலைத்துணை' என்ற நிறுவனம் புதிதாக வெளியிட்டிருந்த கைநூல். முதல் இரண்டு கேள்விக்கும் அவள் அலட்சியமாகப் பதில் சொன்னாள்.

"மூன்றாவது கேள்வி. லூர்து முதுகைக் கடக்கும் படகோட்டி என்ன செய்ய வேண்டும்?"

டெல்பினா படகின் பக்கம் சட்டென்று திரும்பினாள்.

"தன் வீட்டு முற்றத்துக் கல் ஒன்றைத் தண்ணீரில் இட வேண்டும்," என்றாள் மெதுவாக.

"சரி. பாறை அந்தக் கல்லை முகர்ந்து, வந்தவர் வீடு திரும்ப வேண்டியவர் என்று அறிந்துகொண்டு வழிவிடும் என்பது பழைய படகோட்டிகளின் நம்பிக்கை," என்றது படகு. அது அவளுடைய வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. கயிறு அவிழ்ந்து படகு காத்திருக்க, அவள் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

லூர்து முதுகு என்று ஒரு பாறை உலகத்தில் கிடையாது.

டெல்பினா பாலை அடுப்பில் வைக்கும்போதே பூனையைத் தேடுகிறவள். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு முதல் பதிப்பு அச்சுக்குப் போகும்போது, இதை எவனாவது அப்படியே திருடிவிடுவான் என்ற நினைப்பில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அளவுகள் உண்மையானவை, உண்மையை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், திருட்டை எப்படி நிரூபிப்பது? அதனால் ஒரே ஒரு பொய்யைப் புத்தகத்துக்குள் நட்டு வைத்தாள். யாருடைய புத்தகத்தில் அந்தப் பொய் முளைக்கிறதோ அவன்தான் திருடன்.

அந்தச் சமயம் அவளுக்கும் கணவன் லூர்துவுக்கும் சண்டை. கரையிலிருந்து ஒரு கடல்மைல் தள்ளி, இரண்டரைப் பாகம், அதாவது பதினைந்து அடி, ஆழமுள்ள வெறும் சேற்றுத் தரைக்கு மேலே படகை நிறுத்தி அவள் அளந்துகொண்டிருந்தபோது, அவர் மூன்று மணி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் ஒரு பாறை இருப்பதாக எழுதினாள். நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, கூன் முதுகு போன்றது, இருநூறு மீட்டர் ஒதுங்கிப் போகவும் என்று சேர்த்தாள். இடக்குறிப்பைத் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை கொடுத்தாள், ஏனென்றால் பொய்க்குத் தசமப் புள்ளி வைத்தால் நிஜத்தைவிட நிஜமாகத் தெரியும். மேலே தூவிய கொத்தமல்லி மாதிரி, அந்தக் கல் போடும் வழக்கத்தையும் தானே கற்பனை செய்து எழுதினாள். இல்லாத ஆபத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். போதாக்குறைக்கு, 'இந்நூலில் குறிக்கப்பட்டுள்ள இடங்களில் ஒன்று மெய்யானதல்ல' என்று முன்னுரையிலேயே சொல்லியும் வைத்தாள். பதினெட்டு வருடங்களாக அதைப் பற்றி ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

அவளும் அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் எல்லா இடங்களையும் மறுபடி அளந்தவள், அங்கே மட்டும் போனதில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

வழக்குப் போட்டாள். அலைத்துணை சும்மா இருக்கவில்லை. தங்கள் கைநூல் இருபது வருடங்களுக்கு முன்பே தங்கள் அளவையாளர்கள் நேரில் அளந்து எழுதியது என்றும், டெல்பினாதான் அதைப் பார்த்துக் காப்பியடித்தாள் என்றும் எதிர்வழக்குப் போட்டது. தோற்றவரின் நூல் எல்லா நினைவுகளிலிருந்தும் அழிக்கப்படும். அதற்குப் பிறகு கடலைப் பற்றி ஒரு வரிகூட எழுத அனுமதி கிடையாது. பதினெட்டு வருட உழைப்பு தன் பெயரோடு துடைத்து எறியப்படுவதை நினைத்து, இரவில் எழுந்து பதினோரு பதிப்புகளையும் எண்ணிப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. லூர்து முதுகு பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவர் அந்த முதுகுக்குச் சொந்தக்காரர். வழக்கு மனுவில் எந்த இடம் பொய் என்று அவள் எழுதவே இல்லை; முதல் விசாரணையில் வாய்திறந்து சொல்லலாம் என்று வைத்திருந்தாள். ஆனால் அதற்குள் அலைத்துணை லூர்து முதுகைப் பற்றி நாலாயிரத்துச் சொச்சம் சாட்சியங்களைத் தீர்ப்பாயத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

லூர்துவின் மணிக்கட்டில் தோலோடு ஒட்டியிருந்த கைத்தகடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் ஒரு முறை 'டிங்' என்னும். அவர் உடனே மறு கையால் அதை மூடிக்கொள்வார். இத்தனை நாள் அவள் பொருட்படுத்தாத அது இப்போது உறுத்தியது. ஒரு நாள் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்த அவசரத்தில் ஒரே ஒரு சொல்லை அவள் பார்த்துவிட்டாள். 'சேர்ப்பிக்கப்பட்டது.' எதை? யாருக்கு? கேட்டால் பொய் சொல்வார் என்று கேட்காமலே இருந்தாள். மூன்று மாதமாகச் சோறு போடும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

நடுவர் ஆவுடையம்மாள் அறுபதை நெருங்கியவர், பேச்சு குறைவு. அலைத்துணையின் சார்பில் வந்த ஞானதுரைக்கு அந்தக் குறை இல்லை.

"பாறையைப் பத்தி எழுதினவங்களே பாறை இல்லங்கிறாங்க, மேடம். ஆனா நாலாயிரத்து இருநூறு பேர் நேர்ல பாத்திருக்காங்க," என்று அவன் படிக்கத் தொடங்கினான். "'குடும்பத்துடன் சென்றோம். பாறை மிக அருமை. நான்கு நட்சத்திரம்.' 'பாறை அருகில் மனம் அமைதியடைந்தது. ஐந்து நட்சத்திரம்.' 'ஞாயிற்றுக்கிழமைகளில் பாறையில் கூட்டம் அதிகம், கழிப்பறை இல்லை. இரண்டு நட்சத்திரம்.'"

"தண்ணிக்கு அடியில ஒரு முழத்துல இருக்குன்னுல்லா நான் எழுதியிருக்கேன். அதுல கூட்டம் எங்கன நிக்கும்?" என்றாள் டெல்பினா.

"அது அவங்க அனுபவம், மேடம். அதுல நாம தலையிட முடியாது."

டெல்பினா முன்னுரையைக் காட்டினாள். நடுவர் அதை இரண்டு முறை படித்தார். "இத்தனை வருஷமா இந்தப் புத்தகம் எங்க வீட்டுல இருக்கு," என்றார். பிறகு, கேலியே இல்லாமல், "முன்னுரையை யாரும்மா படிக்கா?" என்று கேட்டார்.

ஆவணங்கள் செல்லுபடியாகவில்லை. நூறு வருடப் பழமையான தாளைப் பத்து நிமிடத்தில் செய்துகொடுக்கும் இயந்திரம் தெருவுக்கு ஒன்று இருந்த காலம் அது. படங்களும் அப்படியே. அதனால்தான் கண்சாட்சிச் சட்டம் வந்திருந்தது: நடுவர் தன் இரண்டு கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது. ஆவுடையம்மாள் நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

"போகலாம் மேடம், ஆனா அவங்க சொந்தப் படகு உட்பட எந்தப் படகும் போகாது," என்றான் ஞானதுரை திருப்தியுடன். "இருநூறு மீட்டருக்குள்ள போகக் கூடாதுன்னு சுக்கானறிவுல பதிச்சிருக்கு. அடிச்சாலும் நுழையாது. பாதுகாப்பு விதி, நாங்க நெனைச்சாலும் மாத்த முடியாது. அரசாங்க அளவைக் கப்பலும் அப்படித்தான், ஏற்கெனவே பட்டியல்ல இருக்கிற பாறையை யாரும் புதுசா போய்த் தேடுறதில்ல."

அறிவே இல்லாத படகு ஒன்று வேண்டியிருந்தது. தூத்துக்குடி முழுக்கத் தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. துறையை ஒட்டிய பூங்காக் குளத்தில் காதலர்கள் மிதித்து ஓட்டும் அன்னப்படகு. சட்டப்படி அது படகில்லை, விளையாட்டுப் பொருள். எனவே அதற்குச் சுக்கானறிவு பொருத்தப்படவில்லை. வெள்ளை நிறம், நீண்ட கழுத்து, சிவப்பு அலகு, நான்கு இருக்கை, நான்கு ஜோடி மிதிகட்டை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அன்னம் கடலில் இறங்கியது. முன்னிருக்கையில் நடுவரும் ஞானதுரையும். பின்னிருக்கையில் டெல்பினாவும், அவள் தரப்புச் சாட்சியாக லூர்துவும். ஞானதுரையைத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டெல்பினாதான் இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினாள். ஞானதுரையோ, அவள் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். அவன் பையில் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்டாள். நடுவர் எல்லாப் பைகளையும் திறக்கச் சொன்னார். ஒரு குடை, இரண்டு தண்ணீர்ப் புட்டி, எலுமிச்சை சாதம், ஈயக்குண்டு கட்டிய அளவுக்கயிறு. எல்லோரும் மிதக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார்கள்.

காற்று ஓய்ந்திருந்தது. கடல்மட்டம் இறங்கியிருக்கும் வற்று நேரம். வளைகுடா முழுவதும் உல்லாசப் படகுகள். அவற்றுக்கு மேலே பதிலிப்பறவைகள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன. அவையும் அந்தக் காலத்தில் சாதாரணம்தான். தனக்குப் போக நேரமில்லாத இடத்துக்கெல்லாம் மனிதர்கள் அந்த இயந்திரப் பறவைகளை அனுப்பினார்கள். துக்கம் விசாரிக்க ஒரு பறவை, கல்யாணத்தில் அட்சதை போட ஒரு பறவை, கோவிலைச் சுற்ற ஒரு பறவை என்று ஊரே ஆகாயத்தில் போய்வந்தது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

"மேடம், நீங்க சரியா மிதிக்கலைன்னு நெனைக்கிறேன்," என்றான் ஞானதுரை, பின்பக்கம் திரும்பி.

"நீங்க மிதிக்காததால எங்க பக்கம் பாரமா இருக்கு," என்றாள் டெல்பினா. "ஒண்ணு சொல்லுங்க. லூர்து முதுகைத்தான் நான் சொல்லப்போறேன்னு உங்களுக்கு முன்னாடியே யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எதுன்னு தெரியாததால, புத்தகத்துல உள்ள இருநூத்துப் பன்னெண்டு இடத்துக்கும் சாட்சியம் கொண்டு வந்தோம். இருநூத்துப் பன்னெண்டு கட்டு. நீங்க ஒரு கட்டை மட்டும் பாத்திருக்கீங்க."

அவள் நம்பவில்லை. பக்கத்தில் லூர்து கடலைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து நடுவர் கையிலிருந்த இடங்காட்டியைப் பார்த்து, "இன்னும் முப்பது மீட்டர்," என்றார். தண்ணீர் கலங்கலாக இருந்தது. எதிரே அலை மடங்கவில்லை, நுரை இல்லை, ஒன்றும் இல்லை. டெல்பினாவுக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு இலகுவாக வந்தது.

அப்போது தலைக்கு மேலே வந்த ஒரு பறவை நின்று, கால்களை விரித்து, எதையோ கீழே விட்டது. சற்றுத் தள்ளி 'பொளக்' என்று தண்ணீர் தெறித்தது. அதே நொடியில் லூர்துவின் மணிக்கட்டு 'டிங்' என்றது. அவர் மறு கையால் மூடுவதற்குள் டெல்பினா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். மெல்லிய எழுத்துகள் தோலின் மேல் ஓடின.

'விண்ணப்பம் சேர்ப்பிக்கப்பட்டது. இடம்: லூர்து முதுகு. பொருள்: முற்றத்துக் கல் ஒன்று. பெயர்: டெல்பினா மச்சாது. வேண்டுதல்: கடலில் சேதம் வரக் கூடாது. இது தங்களின் எண்ணூற்று எண்பதாவது வாரம்.'

அவள் அதைப் படித்து முடித்த இடத்தில்தான் அன்னத்தின் அடிவயிறு பிளந்தது.

நான்கு பேர் பாரத்தில் ஏற்கெனவே தாழ்ந்து மிதந்த படகு அது. ஒரே மோதலில் நின்று, பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளே தண்ணீர் ஏறியது. நால்வரும் குதித்தார்கள். குதித்தவர்கள் நின்றார்கள். நடுக்கடலில், கரையிலிருந்து ஒரு கடல்மைல் தொலைவில், முழங்கால் அளவுத் தண்ணீரில், அன்னத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்கு பேரும் நின்றார்கள்.

"இருக்கு மேடம்," என்றான் ஞானதுரை. அவன் குரலில் வெற்றி இருந்தது. "பாறை இருக்கு. எழுதியிருக்கிறபடியே ஒரு முழம். நீங்களே நிக்கிறீங்க."

இதே இடத்தில்தான் டெல்பினா கயிறு இறக்கியிருந்தாள். இரண்டரைப் பாகம், சேறு. தன் கண்ணையும் கையையும் தவிர வேறு யாரையும் நம்பாதவள் அவள். இனி அவற்றையும் நம்ப முடியாது என்று தோன்றியபோது அழுகை வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள். காலடியில் தரை உருண்டது. பாறை உருளுமா? குனிந்து கையை விட்டாள்.

கைக்கு வந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உருண்டைக் கல். பாசியைத் தேய்த்தாள். ஒளிக்கதிரால் பொறித்த எழுத்து. 'மதிவதனன், அவிட்டம், முதல் படகுப் பயணம்.' இன்னொன்றை எடுத்தாள். 'ரொசாரி குடும்பத்தார், பரலோகமாதா பங்கு, மாமியார் உடன் வருவதால்.' இன்னொன்று. 'கு. நாறும்பூ, ரேவதி, எல்லாம் நல்லபடி.' முழங்கை வரை விட்டுத் துழாவினாள். தோள் வரை விட்டாள். கல், கல், கல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

அவள் புத்தகம், வீட்டு முற்றத்துக் கல்லைப் போடச் சொல்லியிருந்தது. மாடி வீட்டுக்காரர்களுக்கு முற்றம் ஏது? அதனால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு குவாரியிலிருந்து வரவழைத்து, முற்றத்துக் கல் என்று சான்றிதழ் கொடுத்து, பெயரும் வேண்டுதலும் பொறித்துப் பறவை மூலம் சேர்ப்பிக்கும் சேவை ஒன்று தொடங்கியிருந்தது. படகேறப் போகிறவர்கள் வீட்டிலிருந்தபடி ஒரு தட்டுத் தட்டினால் போதும். மனிதன் கையால் போட்டிருந்தால் கல் அங்குமிங்கும் சிதறியிருக்கும். பறவை துல்லியமானது. டெல்பினா கொடுத்த மூன்று தசம இலக்கத்தில், அதே புள்ளியில், பதினேழு வருடங்களாக, மூன்றே கால் லட்சம் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தது. படகுகளெல்லாம் இருநூறு மீட்டர் ஒதுங்கிப் போனதால் அது வளர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

"இதெல்லாம் ஜோடிப்பு," என்றான் ஞானதுரை. "இவங்களே பொறிச்சுக் கொண்டுவந்து மேலாகத் தூவியிருப்பாங்க. புத்தி உள்ளவன் எவனாவது ஒரு பாறைக்குக் கல்லு அனுப்புவானா மேடம்?"

ஆவுடையம்மாள் கையிலும், படகு மோதிச் சரிந்த கற்களுக்கு அடியிலிருந்து எடுத்த ஒரு கல் இருந்தது. அதை எடுத்ததும் மறுபடி தண்ணீருக்குள் விடப்போனவர், விடாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அதைத் திருப்பிக் காட்டினார். 'ஆவுடையம்மாள், கேட்டை, பதவி உயர்வு.' பதினான்கு வருடங்களுக்கு முந்தைய தேதி.

"நான் அனுப்பினேன்," என்றார் நடுவர். "தேதி சரிதான். பதவியும் கெடைச்சுது." அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு நடுவர் குரலுக்குத் திரும்பினார். "ஞானதுரை, உங்க ஆளுங்க இந்தப் பாறையை எப்ப அளந்தாங்க?"

"இருபது வருஷத்துக்கு முன்னால, மேடம். மனுவிலேயே இருக்கு."

"கல்லு போடுற பறவை வந்தே பதினேழு வருஷம்தான் ஆகுது. அப்போ இருபது வருஷத்துக்கு முன்னால நீங்க அளந்தது எதை?"

ஞானதுரை அன்னத்தின் முகத்தைப் பார்த்தான்.

சற்றுத் தொலைவில் உல்லாசப் படகுகள் வட்டமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் கையசைத்தார்கள், படமெடுத்தார்கள். ஒரு படகும் நெருங்கவில்லை. நீந்திப் போவதற்கு முன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று நடுவர் சொன்னார். டெல்பினா லூர்துவின் பக்கம் திரும்பினாள்.

"இது பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியுமில்லா?"

"தெரியும்."

"ஒங்க முதுகைப் பாத்துத்தான் பேரே வச்சேன்."

"அதுவும் தெரியும்."

"பெறவு என்னத்துக்கு வாராவாரம் கல்லு?"

லூர்து ஒரு கல்லைக் காலால் புரட்டினார். "நீ பாட்டுக்குக் கடலுக்குப் போயிருத. நான் கரையில கெடக்கேன். பாறை இல்லைன்னா கல்லு சும்மா சேத்துல போய் விழப்போவுது. ஒருவேளை இருந்துச்சுன்னா? எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

"நான் ஒங்கள என்னெல்லாமோ நெனச்சிட்டேன்."

"தெரியும், ஏட்டி. நான் குளிக்கப் போனா என் கைத்தகட்டுக்குக் காவல் நின்னியே."

அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை பெரிய கடலில் தனக்காக எண்ணூற்று எண்பது கல் விழுந்திருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் அன்னத்தின் வயிற்றைக் கிழித்திருக்கவும் கூடும். இரண்டையும் சேர்த்து நினைக்க அவளால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிதக்கும் சட்டையோடு கால் உதைத்து இருநூறு மீட்டர் தாண்டியதும் ஒரு படகு வந்து ஏற்றிக்கொண்டது. ஏற்றுமுன் மூன்று கேள்வி கேட்டது. ஞானதுரையின் காதுச்சொல்லி நனைந்துபோய் இருமிக்கொண்டிருந்ததால் மூன்றுக்கும் டெல்பினாவே பதில் சொன்னாள்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. திருடியது அலைத்துணைதான். அவர்களுடைய கைநூல் எல்லாப் படகுகளிலிருந்தும் அழிக்கப்பட்டு டெல்பினாவின் நூல் ஏற்றப்பட்டது. தீர்ப்பின் இரண்டாம் பகுதி, அந்தக் கற்குவியல் இப்போது மெய்யாகவே ஆபத்தானது, அதை முழுவதுமாக அகற்ற வேண்டும் என்றது. அது பாறை அல்ல, பொய்யான ஒரு குறிப்பை நம்பிப் போடப்பட்ட கற்கள், இனி யாரும் கல் அனுப்ப வேண்டாம் என்று ஊர் முழுக்க அறிவிப்பும் போனது.

அறிவிப்பில் இருந்த ஒரு செய்தி மட்டும் மக்கள் மனதில் தங்கியது. லூர்து முதுகில் மோதி உடைந்த படகிலிருந்த நான்கு பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்திருக்கிறார்கள். அந்த வாரம் கல் விண்ணப்பங்கள் மூன்று மடங்காயின.

அகற்றும் பணிக்கு இயந்திரங்கள் நெருங்க மறுத்ததால் மனிதர்களையே அமர்த்த வேண்டியிருந்தது. பொன்னுமாடன் என்ற மேற்பார்வையாளரையும் சேர்த்து நாற்பது பேர், கயிறு கட்டி இழுத்துவந்த ஒரு தட்டைப் பரிசல், ஒரு கைப்பாரந்தூக்கி. தொடக்க நாளுக்கு நூலாசிரியர் என்ற முறையில் டெல்பினாவைத் தலைமை விருந்தினராக அழைத்திருந்தார்கள். இந்தப் பொய்யைத் தன் கண் முன்னால் கடைசிக் கல் வரை எடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற உறுதியோடு அவள் போனாள். பரிசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு என்றார்கள். ஒன்பதேகாலுக்குப் பொன்னுமாடன் ஒரு தாம்பாளத்தை அவள் முன் நீட்டினான். அதில் மஞ்சளும் குங்குமமும் வைத்த ஒரு கல் இருந்தது.

"மொதல்ல நீங்க போடுங்கம்மா. பெறவு ஆளுக்கொண்ணு போட்டுட்டு வேலையை ஆரம்பிச்சிருவோம்."

டெல்பினா அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று முகத்தைத் தேடினாள். அவன் முகத்தில் பக்தியைத் தவிர ஒன்றும் இல்லை.

"நீங்க கல்லை எடுக்கத்தானே வந்திருக்கிய?"

"ஆமாம்மா."

"பெறவு இன்னொண்ணைப் போடச் சொல்லுதிய?"

"எடுக்கிற வேலை நல்லபடியா முடியணுமில்லாம்மா. கடல் வேலை. நாப்பது பேருக்கும் புள்ளகுட்டி இருக்கு."

நாற்பது பேரும் கையில் ஒவ்வொரு கல்லோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த வழக்கத்தை நானே ஒரு மத்தியான நேரத்தில் உட்கார்ந்து கற்பனை செய்தேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நாற்பது முகங்களையும் பார்த்தாள். வேலை நடுவே ஒருவன் வழுக்கி விழுந்தாலும் நாளைக்கு யாரைச் சொல்வார்கள் என்று யோசித்தாள். கல்லை எடுத்துப் போட்டாள்.

பூசை முடிந்து பொங்கலும் வடையும் பரிமாறி முடிப்பதற்குள் நீரோட்டம் மாறி, அன்றைக்கு வேலை செய்ய முடியாமல் போய்விட்டது. அன்று மாலை தீர்ப்பாயத்துக்குப் போன முதல் நாள் பணியறிக்கையில் இரண்டே வரிகள் இருந்தன. எடுத்த கற்கள்: இல்லை. இட்ட கற்கள்: நாற்பத்தொன்று. ஆவுடையம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, 'பணி நல்ல முறையில் தொடங்கியது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.